4294967295: ஒரு பெரிய எண்ணைக் கையாலேயே பிரித்துப் பார்ப்பது எப்படி

எடுத்துக்கொள்ளப் போகும் எண் 4294967295. நம் ஊர் முறையில் வாசித்தால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. பத்து இலக்கம்தான், செல்போன் நம்பர் அளவு. இதன் காரணிகள் எவை, மொத்தம் எத்தனை, அவற்றைக் கூட்டினால் என்ன வரும், இதை வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா, இது முக்கோண எண்ணா என்று ஒரு முழு எண்ணைப் பற்றிக் கேட்கத் தோன்றும் முக்கியமான கேள்விகளுக்கெல்லாம் பேப்பரும் பேனாவும் கடைகளில் வைத்திருக்கும் 12 இலக்கக் கால்குலேட்டரும் இருந்தாலே விடை கண்டுவிடலாம். அதைத்தான் ஒவ்வொன்றாகச் செய்து காட்டப் போகிறேன்.

கம்ப்யூட்டரில் ஒரு கட்டளை கொடுத்தால் காரணிகள் நொடியில் வந்துவிடும், உண்மைதான். ஆனால் திரையில் வரும் ஐந்து எண்களைப் பார்த்து, ஏன் இந்த ஐந்து என்று யாருக்கும் புரியாது. கையால் போட்டால் புரியும், அது அடுத்த எண்ணுக்கும் உதவும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் துல்லியமாக வைத்துக்கொள்ளாது, 16 இலக்க எண்ணை அடித்தால் கடைசி இலக்கம் பூஜ்ஜியமாகிவிடும். பெரிய எண்களோடு விளையாடுகிறவர்கள் அதை நம்பி இறங்கக் கூடாது. பைத்தானில் அந்தத் தொல்லை இல்லை, முழு எண் எவ்வளவு நீளமானாலும் அப்படியே வைத்திருக்கும்.

சரி, ஆரம்பிக்கலாம். முதலில் ஒரு நிமிடத்தில் முடியும் சோதனைகள். கடைசி இலக்கம் 5, அதனால் 5ஆல் வகுபடும். கடைசி இரண்டு இலக்கம் 95, அதனால் 25ஆல் வகுபடாது. இலக்கங்களைக் கூட்டினால் 4+2+9+4+9+6+7+2+9+5 = 57. 57ஐ 3 வகுக்கும், 9 வகுக்காது. நம் எண்ணும் அப்படியே. ஆக 3 ஒரு முறை, 5 ஒரு முறை, அதற்கு மேல் இல்லை.

7, 11, 13 மூன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டாம், ஒரே அடியில் முடிக்கலாம். 7 × 11 × 13 = 1001. அதனால் எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாக வெட்டி, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் போதும்: 295 − 967 + 294 − 4 = −382. இந்த 382ஐ 7ஆல் வகுத்தால் மீதி 4, 11ஆல் வகுத்தால் 8, 13ஆல் வகுத்தால் 5. எதுவும் பூஜ்ஜியம் இல்லை, ஆகவே மூன்றும் காரணி இல்லை. பள்ளியில் 11க்கான விதியைச் சொல்லிக்கொடுத்த அளவுக்கு இந்த 1001 வித்தையைச் சொல்லிக்கொடுப்பதில்லை, எனக்கு அது பெரிய குறை. மூன்று பகா எண்களை ஒரே கழித்தலில் தீர்த்துவைக்கும் வழி வேறெது இருக்கிறது?

இந்த இடத்தில் பலர் 17, 19, 23 என்று வரிசையாக வகுக்க ஆரம்பித்துவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். எதுவரை வகுத்துப் பார்க்க வேண்டும் என்று முதலில் தெரிந்துகொள்வோம். ஒரு எண் பகு எண்ணாக இருந்தால் அதன் பகாக் காரணிகளில் ஒன்றாவது அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாமல் இருக்கும். ஆகவே கால்குலேட்டரில் 4294967295 அடித்து வர்க்கமூலப் பொத்தானைத் தட்டுங்கள். வருவது 65535.9999923.

65536 வரை 6542 பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையும் வகுத்துப் பார்ப்பதென்றால் ஒரு வாரம் போய்விடும். ஆனால் அந்தத் தசமப் பகுதியை மறுபடி பாருங்கள். ஐந்து ஒன்பதுகள். இந்த எண் ஒரு முழு வர்க்கத்துக்கு மயிரிழை அளவு கீழே நிற்கிறது என்று அது கத்திச் சொல்கிறது. 65536ஐ வர்க்கப்படுத்துங்கள்: 4294967296. நம் எண்ணை விடச் சரியாக 1 கூட.

பெரிய எண்ணைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது முக்கியமாக இந்த ஒன்றுதான்: எண்ணுக்குள்ளே இறங்குவதற்கு முன் அதன் பக்கத்து வீட்டைப் பாருங்கள். ஒன்றைக் கூட்டிப் பாருங்கள், ஒன்றைக் கழித்துப் பாருங்கள், பக்கத்தில் எந்த வர்க்கம் நிற்கிறது, எந்த அடுக்கு நிற்கிறது என்று கவனியுங்கள். பக்கத்தில் நிற்பது வர்க்கம் என்றால் உங்கள் எண் இரண்டாக உடைகிறது. அ² − ஆ² = (அ − ஆ)(அ + ஆ) என்று எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்தோமே, அதற்கான வேலை இங்கேதான் வருகிறது.

4294967295 = 65536² − 1² = 65535 × 65537.

இது நம் எண்ணுக்கு மட்டும் அமைந்த அதிர்ஷ்டம் என்று நினைக்க வேண்டாம். 17ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா சொன்ன பொதுவான முறை இது, எந்த ஒற்றை எண்ணுக்கும் போடலாம். உதாரணமாக 2881. வர்க்கமூலம் 53.67. அடுத்த முழு எண் 54, அதன் வர்க்கம் 2916, அதிலிருந்து 2881 போனால் 35, அது வர்க்கம் இல்லை. அடுத்தது 55, அதன் வர்க்கம் 3025, அதிலிருந்து 2881 போனால் 144, அது 12இன் வர்க்கம். ஆகவே 2881 = (55 − 12)(55 + 12) = 43 × 67. இரண்டே அடியில் முடிந்தது. இரண்டு காரணிகளும் ஒன்றுக்கொன்று அருகில் இருந்தால் இந்த முறை பறக்கும். 3, 5 போல ஒன்று மிகச் சிறியதாகவும் மற்றது மிகப் பெரியதாகவும் இருந்தால் நொண்டும். அதனால்தான் சின்னப் பகா எண்களை முதலில் சோதித்துவிட்டு இதற்கு வர வேண்டும். ஐந்தாறு அடி போட்டும் வர்க்கம் வரவில்லை என்றால் விட்டுவிட்டு வகுத்தலுக்கே திரும்புங்கள்.

நம் எண்ணில் இந்த வேலை அடுக்கடுக்காக நடக்கும். 65535இன் பக்கத்து எண் 65536, அது 256இன் வர்க்கம். ஆக 65535 = 255 × 257. 255இன் பக்கத்தில் 256, அது 16இன் வர்க்கம், ஆக 255 = 15 × 17. 15இன் பக்கத்தில் 16, ஆக 15 = 3 × 5. எல்லாவற்றையும் சேர்த்து எழுதினால்:

4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537.

நடுவில் பிழை வந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் வேறு வழியில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 15ஆல் வகுத்தால் 286331153 வருகிறது. இதை 17 வகுக்குமா? 17க்கு ஒரு விதி உண்டு: கடைசி இலக்கத்தை எடுத்து 5ஆல் பெருக்கி, மிச்சமுள்ள எண்ணிலிருந்து கழிக்க வேண்டும். 28633115 − 15 = 28633100. கடைசி இரண்டு பூஜ்ஜியத்தைத் தாராளமாக உதறலாம், 100க்கும் 17க்கும் பொதுக் காரணி கிடையாது. 286331: 28633 − 5 = 28628. அப்புறம் 2862 − 40 = 2822. அப்புறம் 282 − 10 = 272. அது 17 × 16. சரியாக வந்துவிட்டது. ஒவ்வொரு காரணியும் கிடைக்கக் கிடைக்க, தேட வேண்டிய எல்லையும் சுருங்குவதைக் கவனியுங்கள். 286331153ஐ 17ஆல் வகுத்தால் 16843009, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 4104. அதை 257ஆல் வகுத்தால் 65537, அதன் வர்க்கமூலம் 256 சொச்சம். 65536 வரை போக வேண்டிய தேடல் 256இல் வந்து நிற்கிறது. அதனால் ஒரு காரணி கிடைத்தவுடன் உடனே வகுத்துவிட்டு, புதிய எண்ணுக்குப் புதிய வர்க்கமூலம் போடுங்கள். பழைய எல்லையை வைத்துக்கொண்டே வேலை செய்வது நேர விரயம்.

இப்போது 257உம் 65537உம் உண்மையிலேயே பகா எண்களா என்று உறுதி செய்ய வேண்டும். 257 சுலபம். 16 வரை பார்த்தால் போதும். 2, 3, 5, 7, 11, 13 ஆல் வகுத்தால் மீதி முறையே 1, 2, 2, 5, 4, 10. பகா எண்தான்.

65537க்கு 256 வரையுள்ள 54 பகா எண்களையும் வகுத்துப் பார்க்கலாம், அரை மணி நேர வேலை. ஆனால் அதை இரண்டே வகுத்தலில் முடிக்க ஒரு வழி இருக்கிறது, எனக்கு இந்தக் கணக்கு முழுவதிலும் ரொம்பப் பிடித்த இடமும் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். 65537 என்பது 2¹⁶ + 1. ஏதோ ஒரு பகா எண் அதை வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம், அதற்கு ‘ப’ என்று பெயர். அப்படியானால் 2¹⁶ஐ ‘ப’வால் வகுக்கும்போது மீதி −1, அதாவது 2¹⁶ ‘ப’வின் ஒரு மடங்குக்கு ஒன்று குறைவாக நிற்கிறது. இருபுறமும் வர்க்கப்படுத்தினால் 2³²க்கு மீதி 1. இப்போது 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய் ஒவ்வொன்றையும் ‘ப’வால் வகுத்து மீதியை எழுதிவந்தால், அந்த மீதி முதன்முதலாக 1 ஆவது எத்தனையாவது அடியில்? அந்த அடியின் எண் 32ஐ வகுக்க வேண்டும். 32ஐ விடச் சின்னதாக இருந்தால் அது 16ஐயும் வகுக்கும், அப்போது 2¹⁶க்கே மீதி 1 என்று ஆகியிருக்கும். ஆனால் அங்கே −1 என்று பார்த்தோம். ஆகவே சரியாக 32ஆவது அடியில்தான். ஃபெர்மாவின் சிறிய தேற்றம் என்ன சொல்கிறது? ‘ப − 1’ஆவது அடியில் மீதி கட்டாயம் 1 ஆக இருக்கும். 32 அடிக்கு ஒரு முறைதான் 1 வரும் என்றால், ‘ப − 1’ஐ 32 வகுத்தே ஆக வேண்டும்.

அதாவது 65537க்குக் காரணி இருந்தால் அதை 32ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். 256க்குள் அப்படிப்பட்டவை 33, 65, 97, 129, 161, 193, 225. இதில் பகா எண்கள் 97உம் 193உம் மட்டும். 97 × 675 = 65475, மீதி 62. 193 × 339 = 65427, மீதி 110. அவ்வளவுதான், 65537 பகா எண். இணையத்தில் பாதுகாப்பான தொடர்புக்குப் பயன்படும் ஆர்எஸ்ஏ முறையில் பொதுச் சாவியின் அடுக்காகப் பெரும்பாலும் வைப்பது இதே 65537தான்.

கையில் சூடு ஆறுவதற்குள் மறுபக்கத்து எண்ணையும் பார்த்துவிடுவோம். 2³² என்ற 4294967296க்கு ஒரு பக்கம் நம் எண், மறுபக்கம் 4294967297. நம் எண்ணின் காரணிகளான 3, 5, 17, 257, 65537 எல்லாம் 2¹+1, 2²+1, 2⁴+1, 2⁸+1, 2¹⁶+1 என்ற வரிசையில் வருபவை. அடுத்து வர வேண்டியது 2³²+1, அதாவது 4294967297. முதல் ஐந்தும் பகா எண்ணாக இருக்கிறதே, மற்றவையும் அப்படியே இருக்கும் என்று ஃபெர்மா நம்பினார். 1732இல் ஆய்லர் அதை உடைத்தார். எப்படி என்று நாமே செய்து பார்க்கலாம், மேலே சொன்ன அதே வழிதான். இம்முறை மீதி 1 ஆவது 64ஆவது அடியில், அதனால் காரணியை 64ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்களை வரிசையாக எழுதினால் 193, 257, 449, 577, 641.

பத்து இலக்க எண்ணை வகுக்கவே வேண்டாம். 65536க்கு மீதி கண்டுபிடித்து, அந்த மீதியை வர்க்கப்படுத்தி, மறுபடி மீதி எடுத்து, 1 கூட்டினால் போதும். 193க்கு: 65536இன் மீதி 109; 109² = 11881, அதன் மீதி 108; 1 கூட்டினால் 109. வகுக்கவில்லை. 257க்கு 2 வருகிறது, 449க்கு 325, 577க்கு 288. இப்போது 641: 641 × 102 = 65382, ஆக 65536இன் மீதி 154. 154² = 23716. 641 × 36 = 23076, மீதி 640. 1 கூட்டினால் 641, அதாவது மீதி பூஜ்ஜியம்! ஐந்தாவது முயற்சியில் கிடைத்துவிட்டது. 4294967297 = 641 × 6700417. ஃபெர்மா போன்ற ஒருவர், தன் பெயரிலேயே இருக்கும் சிறிய தேற்றத்தை வைத்துக்கொண்டு இந்த ஐந்து சோதனையைச் செய்யாமல் விட்டது எனக்கு இன்றும் ஆச்சரியம். இந்த வரிசையில் முதல் ஐந்துக்குப் பிறகு இதுவரை இன்னொரு பகா எண் கிடைக்கவே இல்லை. ஆக, இந்த வகையில் நமக்குத் தெரிந்த எல்லாப் பகா எண்களையும் ஒருமுறை பெருக்கினால் வருவதுதான் நம் எண்.

பகாக் காரணிகள் கையில் வந்தபின் மற்ற கேள்விகள் மளமளவென்று விழும். காரணிகள் மொத்தம் எத்தனை? ஐந்து பகா எண்களில் ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம். 2 × 2 × 2 × 2 × 2 = 32. ஏறுவரிசையில் எழுதினால் 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257, 771 என்று போய் நம் எண்ணில் முடியும். இதே பட்டியலை வேறொரு இடத்திலிருந்தும் எடுக்கலாம். பாஸ்கல் முக்கோணத்தை, நம் பழைய நூல்களில் மேரு பிரஸ்தாரம் என்று வருவதை, எழுதுங்கள்: ஓரங்களில் 1, நடுவில் ஒவ்வொரு எண்ணும் அதற்கு மேல் வரியில் உள்ள இரண்டு எண்களின் கூட்டல். ஒற்றை எண் இருக்கும் இடத்தில் 1, இரட்டை எண் இருக்கும் இடத்தில் 0 என்று மாற்றி, ஒவ்வொரு வரியையும் இரும எண்ணாக வாசியுங்கள். 1 என்பது 1. 1 1 என்பது 3. 1 2 1 என்பது 101, அதாவது 5. 1 3 3 1 என்பது 1111, அதாவது 15. 1 4 6 4 1 என்பது 10001, அதாவது 17. அடுத்த வரி 1 5 10 10 5 1, அது 110011, அதாவது 51. முதல் 32 வரியும் நம் எண்ணின் 32 காரணிகளை அதே ஏறுவரிசையில் தருகிறது, 32ஆவது வரி முழுக்க ஒன்றுகளாக வந்து 4294967295 ஆகிறது. குறைந்தது எட்டு வரியாவது கையால் போட்டுப் பாருங்கள், படிப்பதும் போடுவதும் ஒன்றாகாது.

இரும முறையில் 32 ஒன்றுகள் என்பதால்தான் கணினிக்காரர்களுக்கு இந்த எண் அத்துப்படி. குறி இல்லாத 32 பிட் இடத்தில் அடங்கும் மிகப் பெரிய எண் இது. 255.255.255.255 என்ற இணைய முகவரியை ஒரே எண்ணாக எழுதினால் இதுதான். ஃபேட்32 முறையில் பதிந்த பென்டிரைவில் ஒரு கோப்பு அதிகபட்சம் 4294967295 பைட்டுகள்தான் இருக்கலாம், பெரிய வீடியோ ஒன்று ஏறாமல் அடம்பிடிப்பது அதனால்தான். மில்லிநொடியை 32 பிட்டில் எண்ணிய விண்டோஸ் 95, 98 ஆகியவை 49.7 நாள் தொடர்ந்து ஓடினால் தொங்கிப்போனதும் இந்த எல்லையில் முட்டித்தான்.

காரணிகளின் கூட்டுத்தொகைக்கு 32 எண்களையும் கூட்ட வேண்டாம். ஒவ்வொரு பகாக் காரணியோடும் 1 கூட்டிப் பெருக்கினால் போதும், ஏனென்றால் (1+3)(1+5)(1+17)(1+257)(1+65537) என்பதை விரித்தால் 32 காரணிகளும் தனித்தனி உறுப்பாக வந்துவிடும். 4 × 6 × 18 × 258 × 65538 = 7304603328. இதிலிருந்து எண்ணையே கழித்தால் 3009636033. அது எண்ணை விடக் குறைவு. 6 = 1 + 2 + 3, 28 = 1 + 2 + 4 + 7 + 14 என்று தன் சிறு காரணிகளின் கூட்டலுக்குச் சமமாக நிற்கும் நிறைவு எண்கள் உண்டு அல்லவா, அந்தக் கூட்டத்தில் இது சேராது.

இதோடு பொதுக் காரணி இல்லாத எண்கள், அதாவது சார்பகா எண்கள், இதற்குக் கீழே எத்தனை? அதற்கு ஒவ்வொரு பகாக் காரணியிலும் 1 கழித்துப் பெருக்க வேண்டும். 2 × 4 × 16 × 256 × 65536. எல்லாமே 2இன் அடுக்குகள், அதனால் அடுக்கை மட்டும் கூட்டலாம்: 1 + 2 + 4 + 8 + 16 = 31. விடை 2³¹, அதாவது 2147483648. நம் எண்ணோடு ஒன்று கூட்டிப் பாதியாக்கினால் வருவதும் அதே. இதைவிடச் சின்னதாக ஒன்று எடுத்தால் 2147483647, அது பகா எண் என்று 1772இல் காட்டியவரும் ஆய்லர்தான்.

இப்படிச் சுத்தமான 2இன் அடுக்கு வருவதற்கு வடிவியலில் ஒரு பலன் இருக்கிறது. குறியிடாத அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து எந்த ஒழுங்குப் பலகோணங்களை வரையலாம் என்பது பழைய கிரேக்கக் கேள்வி. 3, 5, 15 பக்கங்களுக்கு அப்போதே வழி தெரியும். 17 பக்கத்துக்கும் முடியும் என்று 1796இல் காஸ் கண்டுபிடித்தார், அப்போது அவருக்கு 18 வயது. ஒற்றைப்படையில் பக்கங்கள் இருந்தால், அந்த எண்ணிக்கை நம் வரிசைப் பகா எண்களை ஒவ்வொரு முறை மட்டும் பெருக்கி வந்ததாக இருக்க வேண்டும். வேறு எதற்கும் முடியாது என்பதை 1837இல் வான்ட்ஸெல் நிறுவி முடித்தார். ஆகவே நம் எண்ணின் 32 காரணிகளில் 1ஐ விட்டால் மிச்சமிருக்கும் 31தான், அப்படி வரைய முடியும் என்று இன்றுவரை தெரிந்த ஒற்றைப்படைப் பலகோணங்கள், அவற்றில் மிகப் பெரியதற்கு 4294967295 பக்கங்கள். 65537 பக்கத்துக்கான வழியை ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் பத்தாண்டு உழைத்து 1894இல் எழுதி முடித்தார், அந்தக் கையெழுத்துப் படி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

அடுத்து வர்க்கங்கள். இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத 16 வழி உண்டு, 32 காரணிகளை இரண்டிரண்டாகச் சோடி சேர்த்தால் சோடிக்கு ஒன்று. கூட்டலாக எழுதுவதுதான் கஷ்டம். எந்த வர்க்கத்தையும் 8ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 இவற்றில் ஒன்றுதான் வரும், நாலைந்து எண்களுக்குப் போட்டுப் பார்த்தாலே தெரியும். நம் எண்ணை 8ஆல் வகுக்கக் கடைசி மூன்று இலக்கம் போதும்: 295இன் மீதி 7. 0, 1, 4 மூன்றிலிருந்து இரண்டையோ மூன்றையோ எடுத்து எப்படிக் கூட்டினாலும் மீதி 7 வராது. ஆகவே இரண்டு வர்க்கத்திலும் முடியாது, மூன்றிலும் முடியாது. நான்கு வர்க்கத்தில் எந்த எண்ணையும் எழுதலாம் என்று லக்ராஞ்சு 1770இல் நிறுவியிருக்கிறார், அதனால் தேடினால் கிடைக்கும் என்ற தைரியத்தோடு இறங்கலாம். முடிந்த அளவு பெரிய வர்க்கத்தைக் கழித்துக்கொண்டே போங்கள். 65535² = 4294836225, மிச்சம் 131070. அதில் 362² = 131044, மிச்சம் 26. அது 25 + 1.

4294967295 = 65535² + 362² + 5² + 1².

எல்லா எண்ணுக்கும் இவ்வளவு நேராக வராது. சில சமயம் ஒரு படி பின்வாங்கி, கொஞ்சம் சின்ன வர்க்கத்தை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

கடைசிக் கேள்வி, இது முக்கோண எண்ணா? 1 + 2 + 3 + … என்று ஒன்றிலிருந்து தொடர்ந்து கூட்டி இதை அடைய முடியுமா? சோதனை எளிது: எண்ணை 8ஆல் பெருக்கி 1 கூட்டினால் முழு வர்க்கம் வர வேண்டும். 15க்கு 121 வருகிறது, 11இன் வர்க்கம், ஆகவே 15 முக்கோண எண். நம் எண்ணுக்கு 34359738361. வர்க்கமூலம் 185363.8, முழு எண் இல்லை. ஆகவே முக்கோண எண் இல்லை.

ஆனால் அங்கேயே விட்டுவிடாமல் 34359738361இன் பக்கத்தைப் பாருங்கள். நம் எண் 2³² − 1. 8ஆல் பெருக்கினால் 2³⁵ − 8. ஒன்று கூட்டினால் 2³⁵ − 7. 2இன் ஏதோ ஒரு அடுக்கிலிருந்து 7ஐக் கழித்தால் எப்போது வர்க்கம் வரும் என்று இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் 1913இல் கேள்வி போட்டவர் நம் இராமானுஜன். அடுக்கு 3, 4, 5, 7, 15 ஆக இருந்தால் வரும், 1, 9, 25, 121, 32761 என்று. வேறு ஏதாவது இருக்கிறதா என்பது அவர் கேள்வி. இந்த ஐந்தைத் தவிர வேறு இல்லவே இல்லை என்று நார்வேக்காரர் நாகெல் 1948இல் நிறுவினார், இன்று அதற்கு இராமானுஜன்–நாகெல் சமன்பாடு என்று பெயர். 35 அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே வர்க்கமூலப் பொத்தானைத் தொடாமலே நம் எண் முக்கோண எண் இல்லை என்று சொல்லிவிடலாம். 2இன் அடுக்கில் ஒன்று குறைந்த எண்களில் முக்கோண எண்ணாக இருப்பவை 0, 1, 3, 15, 4095 மட்டும்தான், 4095 என்பது 1 முதல் 90 வரையான கூட்டல்.

இப்போது நீங்கள் தனியாகப் போட்டுப் பார்க்க ஒரு எண் தருகிறேன்: பன்னிரண்டு ஒன்பதுகள், 999999999999. பக்கத்து எண் என்னவென்று பார்த்தவுடன் முதல் உடைப்பு தானாக வரும். அதில் கிடைக்கும் இரண்டு எண்களில் சிறியதை மும்மூன்று இலக்கமாக வெட்டிப் பார்த்தால் மேலே சொன்ன 1001 வித்தை கைகொடுக்கும். பெரியதில் 101 ஒரு காரணி, வகுத்தால் 9901 வரும். அது பகா எண்ணா என்று பார்க்க, 12ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண்களை மட்டும் எடுத்தால் போதும், 100க்குள் அவை 13, 37, 61, 73, 97. ஏன் 12 என்று, 65537க்குச் செய்த அதே வாதத்தை 2க்குப் பதில் 10ஐ வைத்து நீங்களே எழுதிப் பாருங்கள், 3 மட்டும் நடுவில் கொஞ்சம் இடறும். 3 மூன்று முறை வரும், மற்றவை ஒவ்வொரு முறை. மொத்தக் காரணிகள் 256 என்று வந்தால் கணக்கு சரி.